கல்பெப்பர் செம்மண்ணுக்கு எந்த மெட்டல் டிடெக்டர்?

விளம்பரத்தில் போடும் ஆழக் கணக்கு எதுவும் வர்ஜீனியாவின் கல்பெப்பர் மாவட்டத்தில் செல்லாது. வேறு ஊர்களில் பத்து அங்குலத்தில் நாணயம் எடுத்துப் பெயர் வாங்கிய கருவி, இங்கே ஐந்து அங்குலத்தில் கிடக்கும் ஈயக் குண்டை இரும்பாணி என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். கருவியில் கோளாறு ஒன்றும் கிடையாது, மண் அப்படி. அதனால் போர்க்காலப் பொருட்களைத் தேட டிடெக்டர் வாங்குகிறவர் எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று ஆரம்பிக்கும் முன்னால், எந்த மண்ணில் நடக்கப்போகிறோம் என்பதை முடிவுசெய்துகொள்ள வேண்டும்.

கல்பெப்பரை எடுத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் மிகப் பெரிய குதிரைப்படைச் சண்டை 1863 ஜூன் 9 அன்று இங்குள்ள பிராண்டி ஸ்டேஷனில் நடந்தது. அதே ஆண்டுக் குளிர்காலத்தில் வடக்கின் பொடோமாக் படை, லட்சம் பேர் அளவில், இந்த மாவட்டத்திலேயே மரக்குடிசை கட்டித் தங்கி, 1864 மே மாதம்தான் கிளம்பியது. அத்தனை மாதம் அத்தனை பேர் தங்கிய இடத்தில் என்னவெல்லாம் விழுந்திருக்கும்! கழுகு முத்திரை போட்ட பித்தளைப் பொத்தான், பெல்ட் தகடு, குதிரைச் சேணத்தின் பித்தளை வளையம், எண்ண முடியாத அளவுக்கு மினியே குண்டு, அதாவது அந்தக் காலத் துப்பாக்கியின் கூம்பு முனை ஈயக் குண்டு. வடக்குப் படையின் மூன்று வளைய மினியே குண்டு .58 காலிபர், அதாவது சுமார் 14.7 மில்லிமீட்டர் குறுக்களவு, எடை சுமார் 32 கிராம். இந்தக் குண்டுதான் கருவியைச் சோதிக்க நம் கையில் இருக்கும் சிறந்த அளவுகோல். சந்தையில் மலிவாகவே கிடைக்கும். டிடெக்டருக்கு முன்னால் இதில் இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மண் எப்படி ஏமாற்றுகிறது

பெரும்பாலான டிடெக்டர்கள் வி.எல்.எஃப்., அதாவது மிகத் தாழ்ந்த அலைவரிசை வகை. தண்டின் முனையில் இருக்கும் கம்பிச் சுருளான காயிலிலிருந்து ஓர் அலை நிற்காமல் மண்ணுக்குள் போய்க்கொண்டே இருக்கும். உலோகத்தில் பட்டுத் திரும்பும் அலை சற்றுப் பிந்தி வரும். எவ்வளவு பிந்துகிறது என்பதை வைத்து இது வெள்ளி, இது ஈயம், இது இரும்பு என்று கருவி எண் சொல்கிறது. மண்ணில் இரும்புத் தாது அதிகமாக இருந்தால் மண்ணே பதில் அனுப்பும். ஆழத்தில் கிடக்கும் குண்டின் பதிலைவிட அந்தப் பதில் பல மடங்கு பெரிதாக இருக்கும். கிரவுண்ட் பேலன்ஸ் செய்து மண்ணின் குரலைக் கழித்தாலும் மிச்சம் இருந்துகொண்டேதான் இருக்கும். குண்டு ஆழமாகப் போகப் போக அதன் பதிலும் மண்ணின் பதிலும் கலந்து, எண் இரும்புப் பக்கம் சரியும். நீங்கள் இரும்பை ஒதுக்கும்படி டிஸ்கிரிமினேஷன் வைத்திருந்தால் கருவி வாயே திறக்காது. காலுக்குக் கீழே குண்டு கிடக்கும், காதில் ஒரு சத்தமும் இருக்காது.

மண்ணை அளக்க எளிய வழி உண்டு. காய்ந்த மண் ஒரு பிடி எடுத்துத் தாளில் பரப்பி, வலுவான காந்தத்தைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மேலே நகர்த்துங்கள். பையில் ரோமம் போல மண் துகள் ஒட்டினால் சாதாரண வி.எல்.எஃப்.புக்கு அது கஷ்டமான இடம். ஃபிஷர் எஃப்75 போன்ற கருவிகள் இன்னும் துல்லியமாகச் சொல்லும். அதன் திரையில் மண்ணைப் பற்றி இரண்டு விவரம் வரும். ஒன்று 0 முதல் 99 வரையிலான எண். அது மண்ணில் எந்த வகைத் தாது இருக்கிறது என்பதைக் காட்டும். களிமண் தாதுக்கள் 40 முதல் 75 வரை, மேக்னடைட் போன்ற கருந்தாதுக்கள் 75க்கு மேல் விழும். இன்னொன்று பட்டைக் கோடு. தாது எவ்வளவு இருக்கிறது என்பதை அது காட்டும். பலர் முதல் எண்ணைப் பார்த்து மிரள்கிறார்கள். ஆழத்தைத் தின்பது இரண்டாவதுதான். பட்டை பாதிக்குக் கீழே நின்றால் எண் 85 ஆக இருந்தாலும் கவலையில்லை. உச்சியில் நின்றால் எந்த எண்ணாக இருந்தாலும் கஷ்டம்.

இதே வர்ஜீனியாவில் பீட்டர்ஸ்பர்க் பக்கத்து மணல் கலந்த நிலத்தில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. அங்கே நடுத்தர விலைக் கருவி போதும். கல்பெப்பர்க்காரர் சொல்லும் யோசனையை வைத்து பீட்டர்ஸ்பர்க்கில் தேடப்போகிறவர் தேவைக்கு மேல் இரண்டு, மூன்று மடங்கு செலவழிப்பார். நேர்மாறாகச் செய்கிறவர் காலிக் கையோடு வீடு திரும்புவார்.

பி.ஐ. கருவி: எப்போது, எதற்கு

செம்மண்ணின் ஆட்டத்தை மாற்றியது பல்ஸ் இண்டக்‌ஷன், சுருக்கமாக பி.ஐ. இது அலையைத் தொடர்ந்து அனுப்பாது. ஒரு துடிப்பு கொடுக்கும், நிறுத்தும், மைக்ரோவிநாடிக் கணக்கில் காத்திருந்து கேட்கும். மண்ணின் பதிலில் பெரும்பகுதி அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும். உலோகத்தின் பதில் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும். தங்கம் தேட ஆஸ்திரேலியாவின் மைன்லேப் நிறுவனம் செய்த ஜி.பி.எக்ஸ். வரிசைக் கருவிகள் கல்பெப்பர் வயல்களுக்கு வந்தபோது, ‘இனி ஒன்றும் இல்லை’ என்று கைவிட்ட முகாம்கள் மறுபடியும் பேச ஆரம்பித்தன. வி.எல்.எஃப். ஐந்து, ஆறு அங்குலத்தில் திணறிய இடத்தில் பி.ஐ. ஓர் அடிக்கும் கீழே குண்டைச் சொல்லும்.

இந்த ஆழத்துக்கு என்ன விலை என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். புது ஜி.பி.எக்ஸ். 5000 நாலாயிரம் டாலர் அளவுக்குப் போகும். கருவி மட்டுமே 2.4 கிலோ, அதன் பேட்டரியை முதுகில் கட்டிக்கொண்டு, தோள்பட்டை வாரும் மாட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும். கேரட் நிறுவனத்தின் பி.ஐ. கருவியான ஏ.டி.எக்ஸ். 3.1 கிலோ, விலை அதைவிடக் குறைவு, தண்ணீரிலும் இறங்கும். ஆனால் காயில் தண்டோடு சேர்ந்தே வரும் என்பதால் வேறு அளவுக்கு மாற்றுவது செலவான வேலை. மின்கம்பி அருகே இரண்டுமே முணுமுணுக்கும். ஜி.பி.எக்ஸில் ட்யூன் பொத்தானை அழுத்தி, சுமார் ஒரு நிமிடம் காயிலை அசைக்காமல் பிடித்தால் பெரும்பாலும் அடங்கும்.

பெரிய தொல்லை இரும்பு. பி.ஐ.யில் திரையில் எண் வராது. இரும்பை ஒதுக்கும் வசதி ஜி.பி.எக்ஸில் உண்டு என்றாலும் டி.டி. காயில் (D வடிவச் சுருள் இரண்டு ஓரம் படிய வைத்தது) போட்டால்தான் வேலை செய்யும், அதுவும் மேலோட்டமாகக் கிடக்கும் இரும்புக்கு மட்டும். குடிசை எரிந்து சதுர ஆணி சிதறிக் கிடக்கும் இடத்தில் இந்தக் கருவியோடு நுழைந்தால் பொழுது முழுக்க ஆணி தோண்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். பி.ஐ. பளிச்சிடுவது ஆணி குறைந்த திறந்த வயலில், படை அணிவகுத்து நின்ற சரிவில், குதிரைகளைக் கட்டிய ஓரத்தில்.

ஜி.பி.எக்ஸ். 5000 வாங்கிய புதியவர் தவறாமல் சறுக்கும் ஓர் இடம் உண்டு. மண்ணுக்கு ஏற்பத் துடிப்பை மாற்றும் அதன் டைமிங் பட்டியலில் ‘காயின்/ரெலிக்’ (நாணயம்/பழம்பொருள்) என்று ஒன்று இருக்கும். பெயரைப் பார்த்தால் நமக்காகவே செய்தது போலத் தெரியும். அது தாது குறைந்த சாது மண்ணுக்கானது. அங்கே வைத்தால் கருவியின் உச்ச ஆழம் அதில்தான். செம்மண்ணில் வைத்தால் ஒவ்வொரு வீச்சுக்கும் மண்ணே கத்தும். கல்பெப்பரில் ‘என்ஹான்ஸ்’, ‘ஃபைன் கோல்ட்’ போன்றவற்றில்தான் தொடங்க வேண்டும். மண் அடங்கி நின்றால் ‘நார்மல்’ முயன்று பார்க்கலாம்.

வி.எல்.எஃப். வாங்குகிறவருக்கு

எல்லோரிடமும் நாலாயிரம் டாலர் இருக்காது. இருந்தாலும் முதல் கருவியாக பி.ஐ. வாங்குவதை நாங்கள் ஆதரிக்க மாட்டோம். சத்தத்தைக் கேட்டு இரும்பையும் பித்தளையையும் பிரிக்கும் காது வி.எல்.எஃப்.பில்தான் பழகும்.

அலைவரிசை முதலில். வெள்ளி, செம்பு நாணயம் தேடுகிறவர்களுக்கு 5, 7 கிலோஹெர்ட்ஸ் நல்லது. ஈயம், பித்தளை, சிறிய பொத்தான் இவையெல்லாம் கடத்துதிறனில் நடுவாந்தரம். 13 முதல் 20 வரை உள்ள கருவிகள் அவற்றை நன்றாக எடுக்கும். எஃப்75 13இல், கேரட் ஏடி ப்ரோ 15இல் ஓடுகின்றன. இப்போது ஒரே நேரத்தில் பல அலைவரிசை அனுப்பும் கருவிகள் நடுத்தர விலைக்கே வந்துவிட்டன. 2018இல் மைன்லேப் ஈக்வினாக்ஸ் 600, 800 இரண்டும் 649, 899 டாலருக்கு வந்ததும் சந்தையே இறங்கியது. எக்ஸ்.பி. டியூஸ் 2, நோக்டா லெஜண்ட் எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை. செம்மண்ணில் பல அலைவரிசைக் கருவிக்கு எண் கொஞ்சம் நிலையாக நிற்கும். பி.ஐ.யின் ஆழம் வராது. அந்த ஆசையோடு வாங்கினால் ஏமாற்றம்தான்.

பூங்காவில் நாணயம் தேடிப் பழகியவர்கள், சோடா டின்னின் இழுப்பு வளையம் வரும் எண்களைக் கருவியில் அடைத்து வைத்திருப்பார்கள். அந்தப் பழக்கத்தைப் போர்க்கள வயலுக்குக் கொண்டுவரக் கூடாது. பொத்தானும் சின்னப் பித்தளைத் துண்டும் அதே எண்களில்தான் விழும். இரும்பை மட்டும் தாழ்ந்த சுருதியில் கேட்கும்படி வைத்துவிட்டு, அதற்கு மேலே வரும் எதையும் தோண்டுவதே இங்கே முறை. இரும்பை முழுக்க ஊமையாக்கவும் வேண்டாம். ஒரு மூலையில் ஆணிச் சத்தம் அடர்த்தியாகக் கேட்டால் அங்கே குடிசை நின்றிருக்கிறது என்று அர்த்தம். ஊமையாக்கியவருக்கு அந்தத் தடயமே கிடைக்காது.

ஆணிக்கு நடுவே கிடக்கும் பொத்தானை எடுக்க, கருவி ஒரு சத்தத்திலிருந்து அடுத்ததற்கு எவ்வளவு சீக்கிரம் மீள்கிறது என்பது முக்கியம். ஈக்வினாக்ஸ் 800இல் இந்த வேகத்தை 1 முதல் 8 வரை மாற்றலாம், 600இல் மூன்றே படி. கடையிலேயே சோதித்துவிடலாம். ஒரு பலகையில் நாலு ஆணியைச் சதுரமாக இல்லாமல் கோணல்மாணலாக ஒட்டி, நடுவில் ஒரு பொத்தானை வைத்து, எட்டுத் திசையிலிருந்தும் காயிலை வீசுங்கள். எத்தனை திசையில் நல்ல சத்தம் வருகிறது என்று எண்ணுங்கள். ஆறுக்கு மேல் வந்தால் நல்ல கருவி. இரண்டு, மூன்று திசைதான் என்றால் குடிசைத் தளத்துக்கு அது ஆகாது.

எதிர்ப்பக்கத் தொல்லையும் உண்டு. வளைந்த ஆணி, இரும்பு வளையம், துருப்பிடித்த தகரம் இவையெல்லாம் சில திசையில் வெள்ளி போலப் பாடும். அந்தச் சத்தத்தின் மேல் நின்று தொண்ணூறு டிகிரி திரும்பி மறுபடி வீசுங்கள். குண்டும் பொத்தானும் இரண்டு திசையிலும் ஒரே குரலில் பேசும். இரும்பு திரும்பியதும் உடைந்துவிடும், அல்லது சத்தத்தின் மையம் சில அங்குலம் தள்ளிப் போகும்.

காயில் விஷயத்தில் பெரிதாக இருந்தால் ஆழம் என்று நினைப்பது பாதிதான் சரி. பெரிய காயில் அதிக மண்ணையும் பார்க்கிறது, அதிக ஆணியையும் பார்க்கிறது. தாது அதிகமான இடத்தில் வி.எல்.எஃப்.போடு 15 அங்குலக் காயில் மாட்டினால் 11 அங்குலத்தைவிடக் குறைந்த ஆழமே வரலாம். ஆணிக்காட்டுக்கு 5, 6 அங்குலம், வயலுக்கு 11 அங்குலம் என்று இரண்டு வைத்துக்கொள்வது போதும். செம்மண்ணுக்கு டி.டி. வகைதான். வட்டத்துக்குள் வட்டமாகச் சுருள் வைத்த கான்சென்ட்ரிக் காயில் அந்த மண்ணில் தடுமாறும். ஒரு கருவிக்குச் சின்னக் காயில் தனியாகக் கிடைக்கிறதா என்று வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

வயலில் சோதிப்பது

குண்டைப் புதைத்துச் சோதிப்பது எல்லோரும் செய்வது. அதில் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது. குழி தோண்டியதும் மண்ணின் அடுக்கு கலைந்துவிடுகிறது. கலைந்த மண்ணும் கலையாத மண்ணும் கருவிக்கு வேறுவேறாகத் தெரியும். சரியான சோதனை, நூற்றைம்பது ஆண்டாகக் கிடக்கும் பொருளின் மேலேயே செய்வது. ஒரு கருவியால் மெல்லிய சிக்னல் கிடைத்ததும் தோண்டாதீர்கள். சிறு கொடி குத்திவிட்டு, வாங்க நினைக்கும் மற்ற கருவிகளை அதே இடத்தில் வீசிப் பாருங்கள். ஒவ்வொன்றையும் அங்கேயே கிரவுண்ட் பேலன்ஸ் செய்தாக வேண்டும். காயிலை மண்ணிலிருந்து ஆறு அங்குல உயரம் தூக்கி ஓர் அங்குலத்துக்கு இறக்கி, சத்தம் மாறாமல் நிற்கும்வரை ஏற்றி இறக்குங்கள். எது என்ன சொன்னது என்று எழுதிவைத்த பிறகு தோண்டுங்கள். இப்படி ஐந்தாறு கொடி போட்டால் எந்த விமர்சன வீடியோவும் சொல்லாதது தெரிந்துவிடும். பழைய ஆட்களோடு வயலுக்குப் போனால் பெரும்பாலும் சந்தோஷமாகத் தங்கள் கருவியைக் கொடுப்பார்கள்.

சென்சிட்டிவிட்டியை உச்சத்தில் வைத்துக்கொண்டு நடப்பது செம்மண்ணில் ஆகாது. கருவி தன் சத்தத்திலேயே மூழ்கிவிடும். சத்தம் அடங்கும்வரை குறைத்தால், சொல்லப்போனால், ஆழம் கூடவே செய்யும். காயில் மண்ணிலிருந்து ஓர் அங்குலத்துக்கு மேல் எழும்பக் கூடாது. ஒவ்வொரு வீச்சும் முந்தையதன் பாதியை மறைத்துப் போக வேண்டும். மழை பெய்து ஈரம் இறங்கிய பிறகு, சோளம் அறுத்த தாளடியில் நடப்பதே நல்ல பருவம். வெயிலில் காய்ந்த வர்ஜீனியாக் களிமண்ணில் மண்வெட்டி இறங்காது.

கூட வாங்க வேண்டியவை

டிடெக்டருக்கு மொத்தப் பணத்தையும் கொட்டிவிடாதீர்கள். குழிக்குள் பொருள் இருக்கும் இடத்தைச் சுட்டும் கையடக்க பின்பாயிண்டர் இல்லாமல் செம்மண் கட்டிக்குள் மண்ணின் நிறத்திலேயே இருக்கும் பொத்தானைத் தேடுவது நேரக்கொலை. தண்ணீர் புகாத கேரட் ப்ரோ-பாயிண்டர் ஏ.டி. பலர் கையில் இருப்பது. மண் மேல் வைத்தாலே அது கத்தினால், மண்ணில் தொட்டபடியே பொத்தானை அழுத்திப் புதிதாகச் சமன்செய்யுங்கள். ஹெட்ஃபோன் கட்டாயம். ஆழத்துக் குண்டு கத்தாது, மெல்ல முனகும். காற்றில் அது கேட்காது. முனையில் பல் வைத்த, டி கைப்பிடி போட்ட கனமான மண்வெட்டி வேண்டும். பி.ஐ.க்காரர் இரண்டடி வரை போவார் என்பதால் பூந்தோட்டக் கரண்டி உதவாது. சிக்னலின் மையத்திலிருந்து நாலைந்து அங்குலம் தள்ளி வெட்டுங்கள். பித்தளைத் தகட்டில் மண்வெட்டி பட்ட தழும்பு எந்த மெருகாலும் போகாது. குண்டின் மேல் படிந்திருக்கும் வெண்ணிறப் படலத்தைத் தேய்த்து எடுக்காதீர்கள். பழமையின் அடையாளமே அதுதான். பொத்தானைத் தண்ணீரில் அலசினால் போதும், பிரஷ் போட்டால் முலாம் போய்விடும்.

பழைய கருவி வாங்கலாமா என்றால், தாராளமாக. சில விஷயம் பார்க்க வேண்டும். டிடெக்டர் செய்த நிறுவனங்களில் டெசோரோ 2018இலும் வைட்ஸ் 2020இலும் கடையை மூடிவிட்டன. அவர்களுடைய கருவிகள் இன்றும் நன்றாகவே ஓடுகின்றன, ஆனால் காயில் கெட்டால் அடுத்தது இன்னொரு பழைய காயில்தான். ஜி.பி.எக்ஸில் போலிகள் உலகம் முழுக்கச் சுற்றுகின்றன. பார்வைக்கு வேறுபாடு தெரியாது. சீரியல் எண்ணை நிறுவனத்திடம் சரிபார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று விற்பவரிடமே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

எங்கே இறங்கலாம், எங்கே கூடாது

எந்தக் கருவி வாங்கினாலும் தேசியப் பூங்கா எல்லைக்குள் அதை எடுத்துப் போவதே குற்றம். கூட்டரசு நிலத்தில் நூறு ஆண்டு கடந்த பொருளைத் தோண்டினால் 1979ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் பாயும். கல்பெப்பரிலும் நிலைமை சுருங்கிக்கொண்டே வருகிறது. 2024இல் அங்கே போர்க்களங்களுக்கென்று மாநிலப் பூங்கா அமைந்துவிட்டது. மிச்சம் இருப்பது தனியார் பண்ணைகள். வாய்ச்சொல் அனுமதியோடு நிற்காமல், தேதி, நிலத்தின் எல்லை, கிடைப்பதை யார் வைத்துக்கொள்வது என்ற மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இதைப் படித்துவிட்டு ஊரில் கருவி வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்திருந்து கிடைக்கும் பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் தோண்டுவது தனிக் குற்றம். அதோடு, ‘ஒரு கிலோமீட்டர் தூரத்திலிருந்தே தங்கத்தைக் காட்டும்’ என்று ஆன்டெனாக் குச்சி விற்கிறார்களே, அது டிடெக்டரே கிடையாது. கோல்ஃப் பந்து தேடும் விளையாட்டுப் பொருளைக் கொஞ்சம் மாற்றி, வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவி என்று ஈராக் வரை விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013இல் பிரிட்டன் நீதிமன்றம் பத்தாண்டுச் சிறை கொடுத்தது. நம்மூர்க் குச்சிக்கும் அதே குலம்.

கடைசியாக, ஆழமாகப் போகும் கருவி வைத்திருப்பவர் தெரிந்திருக்க வேண்டியது பீரங்கிக் குண்டு. பி.ஐ. அதை இரண்டடிக்குக் கீழேயும் எடுத்துவிடும். அகலமான, மெதுவாக எழுந்து மெதுவாக அடங்கும் சத்தம் வந்தால் மண்வெட்டியை ஓங்கிப் போடாதீர்கள், விளிம்பிலிருந்து மண்ணை நீக்குங்கள். உருண்டையாகவோ கூம்பாகவோ இரும்பு தெரிந்தால் உள்ளே கருமருந்து இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். நூற்றைம்பது ஆண்டு ஈரத்தில் அது கெட்டுப்போயிருக்கும் என்பது தவறான நம்பிக்கை. 2008இல் வர்ஜீனியாவின் செஸ்டரில், பல ஆண்டு அனுபவமுள்ள ஒருவர் வீட்டு வாசலில் கடற்படைக் குண்டு ஒன்றைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது அது வெடித்து இறந்தார். துளை போடக் கூடாது, அரைக்கக் கூடாது, காரில் ஏற்றக் கூடாது. இருந்த இடத்திலேயே விட்டு, கொடி குத்தி, விலகி நின்று 911ஐக் கூப்பிடுங்கள். நிலத்துக்காரருக்கும் உடனே சொல்லிவிடுங்கள், அவர் அடுத்த வாரம் அதே இடத்தில் கலப்பை ஓட்டக்கூடும்.